அதிகாரம் ஓர் அமானத்: 'நீர் சாப்' அப்துல் நஸீர் சாஹிப்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

 

இன்று நம் ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு இச்சபையில் வாசிக்கப்பட்டது. பழைய நிர்வாகம் பொறுப்பை ஒப்படைத்தது. புதிய நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. பதவி என்பது ஓர் அமானத் என்று மிம்பரிலிருந்து நாம் பலமுறை கூறியிருக்கின்றோம். அமானத் என்றால் அடைக்கலப் பொருள். அதைக் களவு போகாமல் காப்பது ஒரு கடமை. உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது மற்றொரு கடமை. முதற்கடமையைப் பேணுவோர் பலர் உண்டு. தம் கைக்கு வந்த அதிகாரத்தை அதற்கு உரியவர்களான மக்களிடமே திருப்பிக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. அத்தகைய ஒருவரின் பொதுவாழ்வை இன்று உங்கள் முன் எடுத்துரைக்க விழைகின்றோம். 1983 முதல் 1988 வரை அண்டை மாநிலமான கர்நாடகத்தின் ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்துத் துறை அமைச்சராகத் திகழ்ந்த மர்ஹூம் அப்துல் நஸீர் சாஹிப் அவர்களே அந்தப் பெருமகனார்.

குண்டுலுப்பேட்டையிலிருந்து

உதகையிலிருந்து கூடலூர், முதுமலை, பந்திப்பூர்க் காடுகளைக் கடந்து மைசூருக்குச் சென்றவர்கள் உங்களில் இருப்பீர்கள். காடு முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில் எதிர்ப்படும் ஊர் குண்டுலுப்பேட்டை. தமிழகம், கேரளம், கர்நாடகம் என்னும் மூன்று மாநிலங்களின் எல்லைகள் நெருங்கி வரும் பகுதி அது. இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கும் அவ்வூர் அந்நாளில் மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மலைகளின் மறைவில் அமைந்தமையால் மழை குறைந்த வட்டாரம். நஸீர் சாஹிப் அந்த மண்ணிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர். வானம் பொய்த்தால் குடிக்கும் நீருக்கே அல்லல்படும் மக்கள் எத்தகையோர் என்பதை ஏட்டில் படித்து அறியவேண்டிய நிலை அவருக்கு இருக்கவில்லை.

1983 ஜனவரியில் கர்நாடகத்தில் முதன்முறையாகக் காங்கிரஸ் அல்லாத அரசு அமைந்தது. ஜனதாக் கட்சியின் இராமகிருஷ்ண ஹெக்டே முதலமைச்சரானார். அவருடைய அமைச்சரவையில் நஸீர் சாஹிபுக்கு ஊரக வளர்ச்சியும் பஞ்சாயத்தும் வழங்கப்பட்டன. அரசியலில் நிதி, வருவாய், பொதுப்பணி ஆகிய துறைகளையே பெரிதாக மதிப்பார்கள். குடிநீர்க் குழாயும் கிராமச் சாலையும் பஞ்சாயத்து அலுவலகமும் பெரும்புகழ் தரும் இலாகாக்களாகக் கருதப்பட்டதில்லை. ஆயினும் கர்நாடக வரலாற்றில் நிலைத்த இடத்தை அவருக்குப் பெற்றுத் தந்தவை இவையே.

'நீர் சாப்' என்ற பட்டம்

1980-களின் நடுப்பகுதியில் கர்நாடகம் அடுத்தடுத்து வறட்சிக்கு ஆளாயிற்று. அம்மாநிலத்தின் பெரும்பகுதி தக்காணப் பாறைநிலம். மேலே சில அடி மண். கீழே இறுகிய கருங்கல். கைகளால் தோண்டிய திறந்த கிணறுகள் பாறையைத் தொட்டதும் நின்றுவிடும். இரண்டு பருவம் மழை தவறினால் அக்கிணறுகள் வறண்டுபோகும். பிறகு குடத்தை இடுப்பில் ஏந்தி ஊருக்கு ஊர் நடக்க வேண்டியவர்கள் பெண்களும் சிறுமியருமே. ஊர்ப்பொதுக் கிணற்றில் நீர் இருந்தாலும், தாழ்த்தப்பட்ட மக்கள் அதனருகே செல்ல இயலாத கொடுமை பல ஊர்களில் நிலவியது. ஆகவே தண்ணீர்ப் பஞ்சம் என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் வந்த துன்பமாக இருக்கவில்லை. எளியவரின் தாகமே மிகுதியாக இருந்தது.

பாறையைத் துளைத்து ஆழத்திலுள்ள நீரை எடுக்க ஆழ்துளைக் கிணறு ஒன்றே வழி. ஆனால் துளை போட்டால் மட்டும் போதாது. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் கைவைத்து இறைக்கும் பம்பு உழைத்து நிற்க வேண்டும். அதற்கு முன்னிருந்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு குடும்பத்தின் பயன்பாட்டுக்காக வடிவமைக்கப்பட்டவை; ஓர் ஊரே இறைத்தால் சில மாதங்களில் உடைந்துவிடும். இக்குறையைப் போக்கிய 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு 1970-களில் உருவாயிற்று. மகாராஷ்டிரத்தின் ஜால்னா, சோலாப்பூர் பகுதிகளில் எழுந்த கருத்தை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெஃப் நிறுவனத்தின் துணையுடன் அது செம்மையாக்கப்பட்டது. நம் கோவை வட்டாரத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். சென்னையிலிருந்த ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் என்ற அரசுத்துறை ஆலை அதை உற்பத்தி செய்தது. நம் ஊர்த் தெருக்களில் நாம் கண்டு வளர்ந்த அந்த நெடிய கைப்பிடிப் பம்பு அதுவே.

ஒவ்வொரு 250 பேருக்கும் ஒரு குடிநீர் ஆதாரம், ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர், அதுவும் 1.6 கிலோமீட்டர் தொலைவுக்குள் என்பது அக்காலத்தில் நாடெங்கும் பின்பற்றப்பட்ட அரசு அளவுகோல். அளவுகோல் தாளில் இருந்தது. அதைத் தண்ணீராக மாற்றுவதற்கு ஒருவர் தேவைப்பட்டார். நஸீர் சாஹிப் அதைத் தம் துறையின் முதற்பணியாகக் கொண்டார். கர்நாடகத்தின் வறண்ட கிராமங்களில் ஒன்றன்பின் ஒன்றாக ஆழ்துளைக் கிணறுகள் போடப்பட்டன, கைப்பம்புகள் நாட்டப்பட்டன. மக்கள் அவருக்கு ஒரு பெயர் சூட்டினர். 'நஸீர் சாப்' என்ற பெயரை 'நீர் சாப்' என்று மாற்றி அழைத்தனர். 'நீர்' என்னும் சொல் தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவானது; ஆதலால் அப்பட்டத்தின் இனிமையை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அருமைச் சகோதரர்களே! அப்பெயரைச் சூட்டியவர்கள் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் சமயத்தைச் சாராதவர்கள். 'சாப்' என்ற சொல்லே அவர் யாரென்று காட்டியது. அதையும் அன்போடு சேர்த்தே அழைத்தார்கள். ஒரு சமுதாயத்தின் கண்ணியம் மேடைகளில் உரத்துப் பேசுவதால் நிலைநாட்டப்படுவதைவிட, அண்டை வீட்டாரின் தாகம் தீர்ப்பதால் உறுதியாக நிலைநாட்டப்படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

மதீனாவின் வரலாறு உங்களுக்குத் தெரியும். ஹிஜ்ரத்துக்குப் பின் முஸ்லிம்கள் நல்ல குடிநீருக்கு அல்லலுற்றபோது, விலைக்கு விற்கப்பட்டு வந்த ரூமா கிணற்றை ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருள் கொடுத்து வாங்கி, செல்வரும் வறியவரும் பயணியும் சமமாகப் பருகும்படி வக்ஃபு செய்தார்கள். நிரந்தர தர்மமாகிய ஸதகத்துல் ஜாரியாவுக்கு அதை நாம் உதாரணம் காட்டுவோம். நஸீர் சாஹிப் செலவிட்டது அரசுப் பணம், அதாவது மக்களின் பணம். இருப்பினும் பொதுப்பணத்தை அதற்கு உரியவரின் வாயில்வரை கொண்டு சேர்ப்பதும் ஓர் அறமே. இன்று அதைச் செய்வோர் அரிதாகிவிட்ட காரணத்தால் அதன் மதிப்பு நமக்குக் கூடுதலாகவே தெரிகின்றது.

மற்றொன்றையும் இங்குச் சொல்லியாக வேண்டும். நிலத்தடி நீர் வற்றாத ஊற்று அன்று. பின்வந்த ஆண்டுகளில் பாசனத்துக்கென்று கணக்கின்றித் துளைகள் போடப்பட்டதால் கர்நாடகத்திலும் நம் தமிழகத்திலும் நீர்மட்டம் இறங்கிப் போயிற்று; சில வட்டாரங்களில் ஆழத்து நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் பாதித்தது. குடிப்பதற்காக எடுத்தது குறைவு. விளைவிப்பதற்காக உறிஞ்சியது அதிகம். எடுப்பதற்கு ஏற்ப மழைநீரை மண்ணுக்குத் திருப்பித் தருவதும் அமானத்தின் பகுதியே என்பதை நினைவிற் கொள்வோமாக!

கையிலிருந்ததைப் பங்கிட்டவர்

தண்ணீர்ப் பணி ஒன்றுடன் அவர் நின்றிருந்தாலும் மக்கள் அவரைப் போற்றியிருப்பார்கள். ஆனால் அவர் வேறொன்றையும் எண்ணிப் பார்த்தார். பெங்களூரில் இருக்கும் ஓர் அமைச்சர் நல்லவராக இருந்தால் கிராமத்துக்குக் கிணறு வருகிறது. அடுத்து வருபவர் அப்படி இல்லையெனில் என் செய்வது? பழுதான பம்பைச் செப்பனிடுவதற்கு ஓர் ஊரார் எத்தனை மைல் தாண்டி யாரிடம் மனுக் கொடுத்து நிற்பது? இக்கேள்விகளுக்கு விடையாக எழுந்ததே 1983-ஆம் ஆண்டின் கர்நாடக ஜில்லா பரிஷத், மண்டல் பஞ்சாயத்துச் சட்டம்.

இச்சட்டத்துக்கு முன்னோடியான சிந்தனைகள் இருந்தன. கிராமம், மாவட்டம், மாநிலம், நடுவண் அரசு என நான்கு தூண்களின்மேல் நாடு நிற்க வேண்டும் என்பது சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவின் கருத்து. 1977-இல் அமைக்கப்பட்டு 1978-இல் அறிக்கை தந்த அசோக் மேத்தா குழுவும் மாவட்டப் பரிஷத், மண்டல் பஞ்சாயத்து என்னும் அமைப்பைப் பரிந்துரைத்திருந்தது. அப்பரிந்துரை பல மாநிலங்களில் அலமாரியில் உறங்கியது. கர்நாடகத்தில் அதைச் சட்டமாக்கி நடைமுறைக்குக் கொண்டுவந்த பெருமை ஹெக்டே அரசையும், துறை அமைச்சராக அதைத் தோளில் சுமந்த நஸீர் சாஹிபையும் சாரும்.

சட்டம் 1983-இல் நிறைவேறியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் 1985-இல்தான் கிடைத்தது. 1987 ஜனவரியில் தேர்தல் நடைபெற்றது. இத்தனை காலத்தில் ஆர்வம் தணிந்துபோவது அரசியலின் இயல்பு. அவருடைய ஆர்வம் தணியவில்லை. 8,000 முதல் 12,000 வரை மக்கள் வாழும் கிராமங்களைச் சேர்த்து ஒரு மண்டல் பஞ்சாயத்து என மாநிலமெங்கும் 2,500-க்கும் மேற்பட்டவை அமைந்தன. ஏறத்தாழ 55,000 பேர் மண்டல் பஞ்சாயத்து உறுப்பினராயினர்.

இச்சட்டத்தின் உட்பொருளைக் கவனியுங்கள். ஜில்லா பரிஷத்தின் தலைவருக்கு மாநில இணையமைச்சருக்கு ஒப்பான தகுதி அளிக்கப்பட்டது. பரிஷத்தின் தலைமைச் செயலாளராக, மாவட்ட ஆட்சியரைவிடப் பணிமூப்புள்ள ஐ.ஏ.எஸ். அதிகாரி நியமிக்கப்பட்டார். ஆரம்பப் பள்ளி, சுகாதார நிலையம், கிராமச் சாலை, குடிநீர் ஆகியவற்றின் பொறுப்பும், அவற்றுக்குரிய நிதியும், ஊழியர்களும் மாவட்டத்துக்கு மாற்றப்பட்டனர். இதுவரை அமைச்சரின் மேசைக்கு வந்த கோப்புகள் மாவட்டத்திலேயே முடிவாயின. அதாவது, தம் துறையின் பணத்தையும் ஆணையிடும் உரிமையையும் ஓர் அமைச்சரே முன்னின்று பிறருக்குப் பிரித்துக் கொடுத்தார். சட்டமன்ற உறுப்பினர்கள் தத்தம் செல்வாக்குக் குறையுமோ என்று அஞ்சுவதும், அதிகாரிகள் தயங்குவதும் இத்தகைய மாற்றத்தில் இயல்பு. பதவிக்காகச் சகோதரர்கள் பகைத்துக்கொள்ளும் இவ்வுலகில், பதவியின் பயனைப் பங்கிட ஒருவர் ஐந்தாண்டுகள் உழைத்தார் என்பது நமக்குப் பெரும் படிப்பினை.

1989-இல் பொருளியல் அறிஞர் கே.எஸ்.கிருஷ்ணசுவாமி தலைமையிலான குழு இவ்வமைப்பை மதிப்பிட்டது. கிராமப் பள்ளிக்கு ஆசிரியரும், சுகாதார நிலையத்துக்கு மருத்துவரும் முன்னைவிட ஒழுங்காக வரத் தொடங்கினர் என்பது அக்காலத்தில் கண்ட நன்மைகளுள் ஒன்று. காரணம் எளியது. தலைநகரிலுள்ள மேலதிகாரிக்கு ஓர் ஆசிரியர் வராதது தெரியாது. அதே ஊரில் வாழும் பஞ்சாயத்து உறுப்பினருக்குத் தெரியும். பிள்ளையின் தந்தை அவரிடம் வீதியிலேயே கேட்டுவிடுவார்.

கால் பங்கு இடம் பெண்களுக்கு

அச்சட்டம் 25 விழுக்காடு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. இதனால் ஏறத்தாழ 14,000 பெண்கள் மண்டல் பஞ்சாயத்துகளில் அமர்ந்தனர். 1987-இல் இது நாடு முழுவதும் வியந்து நோக்கிய செயல். கணவரோ சகோதரரோ பின்னிருந்து இயக்கிய இடங்களும் உண்டு என்று குறைகூறப்பட்டது. அக்குறை முற்றிலும் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் சிந்தியுங்கள். பம்பு பழுதாகி எத்தனை நாளாயிற்று, எந்தத் தெருவில் நீர் உப்பாக வருகின்றது, எந்த வீட்டுப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றது என்பவற்றை ஆண்களைவிடப் பெண்களே நன்கறிவர். குடம் சுமப்பவரைக் கேட்காமல் குடிநீரைப் பற்றி முடிவெடுப்பது எங்ஙனம் நியாயமாகும்?

விதைத்தவர் மறைந்தார், விதை முளைத்தது

1987-இல் புதிய அமைப்புகள் பணி தொடங்கின. 1988-இல் நஸீர் சாஹிப் நோயுற்று மறைந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். தாம் நட்ட மரத்தின் நிழலில் அவர் இரண்டாண்டுகள்கூட அமரவில்லை.

அவருக்குப் பின் அம்மரம் வாடவும் நேர்ந்தது. ஆட்சி மாறிய பின்னர், 1987-இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 1992-இல் முடிந்தபோது உடனே தேர்தல் நடத்தப்படவில்லை; நிர்வாக அதிகாரிகள் அமர்த்தப்பட்டனர். மாநிலச் சட்டத்தால் கொடுத்ததை மாநில அரசே நிறுத்தி வைக்க முடியும் என்பது அப்போது வெளிப்படையாயிற்று. அரசியல் சாசனத்திலேயே இதற்கு உறுதி வேண்டும் என்ற குரலுக்கு இவ்வனுபவமும் வலுவூட்டியது. 1992 டிசம்பரில் நாடாளுமன்றம் 73-ஆவது திருத்தத்தை நிறைவேற்றியது. 1993 ஏப்ரல் 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கொரு தேர்தல், கிராம சபை, பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் ஆகியவை நாடு முழுமைக்கும் உரிமையாயின. அத்திருத்தத்தை ஆக்கியோர் கண்முன் இருந்த மாதிரிகளுள் மேற்கு வங்கமும் கர்நாடகமும் முதன்மையானவை. கர்நாடக அரசு மைசூரில் உள்ள தன் ஊரக வளர்ச்சிப் பயிற்சி நிறுவனத்துக்கு அப்துல் நஸீர் சாஹிபின் பெயரைச் சூட்டியுள்ளது. பஞ்சாயத்துப் பிரதிநிதிகள் கணக்கும் சட்டமும் கற்கும் இடத்துக்கு அவர் பெயர் அமைந்தது மிகப் பொருத்தம்.

நம் பங்கு யாது?

பெரியோர்களே! பிற மாநிலத்து வரலாற்றைக் கேட்டு மகிழ்ந்து எழுந்து செல்வதற்காக நாம் இதைச் சொல்லவில்லை. நம் தமிழகத்தில் 1986-க்குப் பிறகு 1996-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மீண்டும் 2016-இல் பதவிக்காலம் முடிந்தபின் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பர் வரை தள்ளிப்போயிற்று. கர்நாடகத்திலேயே 2021-இல் பதவிக்காலம் முடிந்த ஜில்லா, தாலுக்கா பஞ்சாயத்துகளுக்குப் பல ஆண்டுகள் தேர்தல் இல்லாமல் கழிந்தன. சாசனம் உறுதி தந்த பின்னும் இந்நிலை எனில், உரிமையைக் காப்பது எழுத்து மட்டுமன்று என்பது தெளிவு. கேட்பவர் இல்லாத உரிமை துருப்பிடிக்கும்.

நம் மாநிலத்தில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுவது வழக்கம். 2022-இல் இவற்றோடு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சி நாளான நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டன. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் அங்குச் சென்று கணக்கைக் கேட்கலாம், தீர்மானம் முன்மொழியலாம். தேர்தல் நாளன்று ஜமாஅத்தாகத் திரண்டு யாருக்கு வாக்களிப்பது என்று பேசும் நாம், கிராம சபை நாளன்று எங்கே இருக்கின்றோம்? நம் தெருவின் சாக்கடைக்கும், நம் குழந்தைகளின் அங்கன்வாடிக்கும், மேல்நிலைத் தொட்டியின் தூய்மைக்கும் அங்கே தீர்மானம் நிறைவேற்ற முடியும். நம் தெருவுக்காக மட்டும் செல்லலாகாது. குழாய் வராத காலனிக்காக முதலில் கேளுங்கள்; பிறகு நமக்காகக் கேளுங்கள். நீர் சாபின் வழி அதுவே. வீட்டுப் பெண்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களைப் பேச விடுங்கள்.

புதிய நிர்வாகக் குழுவினரிடமும் ஒரு வேண்டுகோள். நம் ஜமாஅத்தும் ஒரு சிறிய பஞ்சாயத்தே. வக்ஃபு நிலத்தின் குத்தகை, கடைகளின் வாடகை, ஜகாத் நிதி, மையவாடியின் பராமரிப்பு அனைத்தும் அமானத்துகள். ஆண்டுக்கு ஒருமுறை கணக்கு வாசிப்பது நல்ல மரபு. அதை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எழுதிப் பள்ளிவாசலின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் இன்னும் சிறப்பு. உதவி பெறும் விதவைகளின், அநாதைகளின் பெயர்களை வெளியிடாமல் அவர்தம் மானத்தைக் காத்துக்கொண்டே, தொகைகளை வெளியிட முடியும். பொறுப்புகளை ஓரிருவரே சுமக்காமல், நீர், கல்வி, மருத்துவ உதவி எனப் பிரித்து இளைஞர்களிடம் ஒப்படையுங்கள். அவர்கள் தடுமாறினால் திருத்துங்கள். தடுமாறுவார்கள் என்று அஞ்சிக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். பொறுப்புக் கொடுக்கப்படாதவன் பொறுப்பைக் கற்பதில்லை.

உறுப்பினர்களாகிய நமக்கும் கடமை உண்டு. கணக்கு வாசிக்கப்படும்போது எழுந்து கேட்பவரைக் குழப்பக்காரர் என்று பட்டம் சூட்டாதீர்கள். கேள்வி கேட்பவர் இருக்கும்வரை அமானத் பத்திரமாக இருக்கும்.

ஐந்தாண்டுகளே அமைச்சராயிருந்த ஒருவர் ஆயிரமாயிரம் வீடுகளின் குடங்களை நிரப்பினார். ஆயிரமாயிரம் எளியவர்களை முடிவெடுக்கும் நாற்காலியில் அமர்த்தினார். தமக்கென்று அவர் வைத்துக்கொண்டது மக்கள் தந்த ஒரு பட்டப்பெயர் மட்டுமே. நமக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு எவ்வளவு சிறிதாயினும், அதை விட்டு நீங்கும் நாளில் நம் மஹல்லா நம்மை எந்தப் பெயரால் அழைக்கும் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக!

யா அல்லாஹ்! மர்ஹூம் அப்துல் நஸீர் சாஹிப் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர் மக்களுக்குப் புகட்டிய ஒவ்வொரு மிடறு நீருக்கும் நற்கூலி வழங்குவாயாக! இன்று பொறுப்பேற்ற எங்கள் சகோதரர்களுக்கு அமானத்தைக் காக்கும் நேர்மையையும், அதை உரியவரிடம் ஒப்படைக்கும் உள்ளத்தையும் தருவாயாக! எங்கள் ஊரிலும் நாட்டிலும் தாகத்தோடு உறங்கச் செல்லும் எவரும் இல்லாத நிலையை உண்டாக்குவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.